ஃபெரோப்டோசிஸ்: இரும்பால் நேரும் செல் இறப்பைப் புரிந்துகொள்வதும் ஆய்வகத்தில் உறுதிசெய்வதும்

2003-ல் பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவினர் 23,550 சேர்மங்களைச் சலித்துப் பார்த்தார்கள். ராஸ் உள்ளிட்ட புற்றுநோய் மரபணுக்கள் ஏற்றப்பட்ட மனித செல்களைக் கொன்று, அவை இல்லாத செல்களை விட்டுவைக்கும் மருந்து ஏதாவது சிக்குமா என்பதுதான் தேடல். சிக்கிய ஒன்றுக்கு எராஸ்டின் என்று பெயரிட்டார்கள். செல்கள் செத்தன. ஆனால் செல் தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் அப்போப்டோசிஸ் என்ற இறப்புக்கு உரிய அடையாளங்கள் எதுவும் தென்படவில்லை. உட்கரு துண்டுபடவில்லை. அந்த இறப்பை நடத்தும் காஸ்பேஸ் நொதிகளைத் தடுத்தும் செல்கள் பிழைக்கவில்லை. 2008-ல் ஆர்எஸ்எல்3 என்ற இன்னொரு சேர்மமும் அதே விதத்தில் கொல்வது தெரிந்தது. வைட்டமின் ஈ கொடுத்தால் செல் பிழைத்தது, இரும்பைப் பிடித்துவைக்கும் மருந்து கொடுத்தாலும் பிழைத்தது. இதையெல்லாம் கோத்து 2012-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டிக்சன், ஸ்டாக்வெல் முதலானோர் வெளியிட்ட கட்டுரையில்தான் ஃபெரோப்டோசிஸ் என்ற பெயர் பிறந்தது.

பெயர் பிறந்த கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எது செல்லைக் காப்பாற்றியது, எது காப்பாற்றவில்லை என்று பார்த்துத்தான் இந்த இறப்பு வகையைத் தனியாகப் பிரித்தார்கள். இன்றைக்கும் அதை உறுதிசெய்யும் வழி அதுதான். அப்போப்டோசிஸ் என்றால் வெட்டுண்ட காஸ்பேஸ்-3 இருக்கிறது. வேறு இரண்டு செல் இறப்பு வகைகளில், பைரோப்டோசிஸுக்கு வெட்டுண்ட காஸ்டர்மின்-டி, நெக்ரோப்டோசிஸுக்கு பாஸ்பேட் ஏறிய எம்எல்கேஎல் என்ற புரதங்கள். ஃபெரோப்டோசிஸுக்கு அப்படி ஒற்றைப் புரத அடையாளம் கிடையாது. புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் ஒரு வெஸ்டர்ன் பிளாட்டில், செல்லைக் காக்கும் ஜிபிஎக்ஸ்4 நொதியின் பட்டை மங்கியதைக் காட்டி "ஃபெரோப்டோசிஸ் நடந்தது" என்று முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். அந்த ஒரு பட்டையை மட்டும் நம்பி அப்படி ஒரு முடிவுக்கு நான் வர மாட்டேன்.

சவ்வில் நடப்பது என்ன

திறந்து வைத்த எண்ணெய் நாளாவட்டத்தில் காறிப்போவதைச் சமையலறையில் பார்த்திருப்பீர்கள். ஃபெரோப்டோசிஸின் மையத்தில் இருப்பதும் ஏறக்குறைய அதே வேதிவினைதான், உயிருள்ள செல்லின் சவ்வில் நடக்கிறது என்பதே வேறுபாடு. நல்லெண்ணெய் எளிதில் காறாமல் இருப்பதற்கு அதிலுள்ள செசமால் போன்ற ஆக்ஸிகரணத் தடுப்பிகள் ஒரு காரணம். பின்னால் வரப்போகும் ஃபெரோஸ்டாட்டின்-1 என்ற மருந்து சவ்வுக்குள் செய்வதும் அதே வகை வேலைதான்.

சவ்வின் பாஸ்போலிப்பிடுகளில் இருக்கும் சில கொழுப்பு அமிலங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இரட்டைப் பிணைப்புகள் உண்டு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் உள்ள கார்பனின் ஹைட்ரஜன் பலவீனமாகப் பிணைந்திருக்கும், எந்த ரேடிக்கலும் (இணையற்ற எலக்ட்ரான் உள்ள, எளிதில் வினைபுரியும் மூலக்கூறு) அதை எளிதில் பறித்துக்கொள்ளும். பறிபோன இடத்தில் ஆக்ஸிஜன் வந்து சேர்ந்ததும் பெராக்சில் ரேடிக்கல் உருவாகிறது. அது பக்கத்துக் கொழுப்பு அமிலத்திடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்து, தான் லிப்பிட் ஹைட்ரோபெராக்சைடாக அடங்கிவிடும். பறிகொடுத்தது இப்போது புதிய ரேடிக்கல். இப்படிச் சங்கிலி நீள்கிறது.

இரும்புக்கு இங்கேதான் வேலை. லிப்பிட் ஹைட்ரோபெராக்சைடு தன்னளவில் ஓரளவு அடக்கமான மூலக்கூறு. ஃபெரஸ் நிலையில் உள்ள இரும்பு அதைத் தொட்டால் உடைந்து அல்காக்சில் ரேடிக்கலாகி, ஒரு சங்கிலியிலிருந்து பல சங்கிலிகள் கிளம்பும். 1894-ல் ஃபென்டன் ஹைட்ரஜன் பெராக்சைடையும் இரும்பையும் வைத்து விவரித்த வினையின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. செல்லுக்கு இரும்பு டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி வழியாக வருகிறது, மிஞ்சியது ஃபெரிட்டினுக்குள் சேமிக்கப்படுகிறது. என்சிஓஏ4 என்ற புரதம் ஃபெரிட்டினைத் தன்னுண்ணலுக்கு (செல் தன் பாகங்களையே செரித்துக்கொள்வது) இழுத்துச் சென்றால் சேமிப்பு இரும்பு வெளியே வந்து, இறப்புக்குச் சாதகமான நிலை உருவாகும்.

எல்லாச் செல்களும் ஒரே அளவில் காறுவதில்லை. அராக்கிடோனிக், அட்ரெனிக் போன்ற நீண்ட அமிலங்களைச் சவ்வில் சேர்ப்பதற்கு முதற்படியாக ஏசிஎஸ்எல்4 நொதி வேண்டும். 2017-ல் வந்த ஆய்வுகள், இந்த நொதியை நீக்கிய செல்கள் ஃபெரோப்டோசிஸை வெகுவாகத் தாங்குவதைக் காட்டின. மாறாக, ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ள ஒலெயிக் அமிலத்தை ஊட்டினால் செல் உறுதிப்படுகிறது.

செல்லின் காவல்

இந்தச் சங்கிலியை அறுக்கும் முதன்மை நொதி ஜிபிஎக்ஸ்4. 1982-லேயே ஃபுல்வியோ உர்சினி குழு இதைப் பிரித்தெடுத்திருந்தது. சவ்வுக்குள் பாஸ்போலிப்பிடோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரோபெராக்சைடையே நேரடியாகத் தீங்கற்ற ஆல்கஹாலாக ஒடுக்குவது இதன் தனித்திறன். அதன் வினை மையத்தில் செலீனோசிஸ்டீன் இருப்பதால் செலினியம் இல்லாமல் முழுத்திறனோடு இயங்காது. இதற்கான ஒடுக்கும் சக்தியைக் குளுட்டதயோன் தருகிறது. குளுட்டதயோன் தயாரிக்க சிஸ்டீன் வேண்டும். வெளியில் சிஸ்டீன் பெரும்பாலும் இரண்டிரண்டாகப் பிணைந்து சிஸ்டைனாகத்தான் கிடைக்கிறது. அதை உள்ளே கொண்டுவரும் கடத்தி எக்ஸ்சி அமைப்பு. எஸ்எல்சி7ஏ11, எஸ்எல்சி3ஏ2 என்ற இரு புரதங்களாலான இது ஒரு சிஸ்டைனை உள்ளே எடுத்து ஒரு குளுட்டமேட்டை வெளியே விடும்.

எராஸ்டின் இந்தக் கடத்தியை அடைக்கிறது. ஆர்எஸ்எல்3 ஜிபிஎக்ஸ்4-ஐயே முடக்குகிறது. ஒன்று மேலே, மற்றொன்று கீழே அடிக்கிறது என்ற இந்த வேறுபாடு பரிசோதனை வடிவமைப்பில் நிறையக் கைகொடுக்கும்.

ஜிபிஎக்ஸ்4 ஒன்றுதான் காவல் என்று கொஞ்ச காலம் நினைத்திருந்தோம். 2019-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக எஃப்எஸ்பி1-ஐக் கண்டறிந்தன. இது கோஎன்சைம் க்யூ10-ஐ ஒடுக்கிச் சவ்விலேயே ரேடிக்கல்களை அணைக்கிறது, குளுட்டதயோன் இதற்குத் தேவையில்லை. எஃப்எஸ்பி1 அதிகமுள்ள செல்லில் ஆர்எஸ்எல்3 வேலை செய்யாமல் போனால் வியப்படைய வேண்டாம்.

இதைத் "திட்டமிட்ட" இறப்பு என்று சொல்லலாமா என்ற தகராறு இன்னும் ஓயவில்லை. காஸ்பேஸ் போலக் கொல்வதற்கென்றே வைத்திருக்கும் நொதி எதுவும் இங்கே இல்லை. காவல் தளர்ந்தால் வேதியியல் தானே வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் மரபணுக்கள் மூலமும் மருந்துகள் மூலமும் கூட்டவும் குறைக்கவும் முடிகிற இறப்பு என்பதால், "ஒழுங்குபடுத்தப்பட்ட செல் இறப்பு" என்ற பெரிய குடையின்கீழ் இதைச் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

தொடங்குமுன் எடுக்க வேண்டிய முடிவுகள்

முதன்முறை செய்பவர் தன் ஆய்வுச் செல்லில் நேராக இறங்காமல், ஹெச்டி-1080 என்ற ஃபைப்ரோசார்கோமா செல்லில் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. 2012 கட்டுரையின் முக்கிய செல் அதுதான், எராஸ்டினுக்கும் ஆர்எஸ்எல்3-க்கும் நன்றாக மசியும். உங்கள் மருந்து, உங்கள் சாயம், உங்கள் கருவி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்பது இதில் தெரிந்துவிடும். அது தெரியாமல் புதிய செல்லில் கிடைக்கும் "ஒன்றும் நடக்கவில்லை" என்ற முடிவுக்குப் பொருளே இல்லை.

செல் அடர்த்தியை எல்லாப் பரிசோதனையிலும் ஒன்றாக வையுங்கள். நெருக்கமாக வளர்ந்த செல்கள் ஃபெரோப்டோசிஸைத் தாங்கும். ஒருவரையொருவர் தொடும் செல்களில் மரபணுக்களை இயக்கும் யாப் என்ற புரதத்தின் செயல் அடங்குவது இதற்கு ஒரு காரணம் என்று 2019-ல் காட்டப்பட்டது. 6 குழி பிளேட்டில் குழிக்கு 2 லட்சம் செல்களை முந்தைய நாள் போட்டு, மறுநாள் பாதி நிரம்பிய நிலையில் மருந்து கொடுப்பது நல்ல தொடக்கம். ஒருவர் திங்களன்று போட்ட செல்லும் இன்னொருவர் வெள்ளியன்று நெருக்கமாகப் போட்ட செல்லும் எதிரெதிர் முடிவு தருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

ஊடகத்தையும் கவனியுங்கள். நரம்பு செல் வளர்ப்பில் போடும் பி27 கலவையில் வைட்டமின் ஈ உள்ளது. இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் சேர்ந்த கலவை செலினியத்தைக் கொடுத்து ஜிபிஎக்ஸ்4-ஐ வலுப்படுத்தும். பீட்டா மெர்காப்டோஎத்தனால் சேர்த்த ஊடகத்தில் எராஸ்டின் எடுபடாது, சிஸ்டைன் வேறு வாசல் வழியாக உள்ளே போய்விடும். சீரத்தின் தொகுதி மாறினால் மருந்தின் அளவுக் கோட்டை மறுபடி வரைய வேண்டும்.

தூண்டிகளைப் பொறுத்தவரை, ஹெச்டி-1080-க்கு எராஸ்டின் 10 மைக்ரோமோலார் வழக்கம். ஆர்எஸ்எல்3-க்கு 0.1 முதல் 1 மைக்ரோமோலார் போதும். 5, 10 மைக்ரோமோலார் என்று ஏற்றிக்கொண்டே போனால் ஆர்எஸ்எல்3 வேறு புரதங்களையும் தாக்கிக் கொல்லத் தொடங்கும், அந்த இறப்பை ஃபெரோஸ்டாட்டின் தடுக்காது. அப்புறம் நீங்கள் குழம்பிப்போவீர்கள். ஆர்எஸ்எல்3-இல் (1எஸ், 3ஆர்) வடிவம் மட்டுமே ஜிபிஎக்ஸ்4-ஐத் தாக்கும் என்பதால் வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். எராஸ்டின் நீரில் கரைவது கடினம். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் செய்த கரைசலை வெதுவெதுப்பாக்கி, ஊடகத்தில் விட்டபின் படிகம் விழுந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள். எலிகளுக்குக் கொடுப்பதானால் எராஸ்டினை விட ஐகேஇ என்று சுருக்கி அழைக்கப்படும் அதன் மேம்பட்ட வடிவமே ஏற்றது.

படி 1: இறப்பின் அளவும் நேரமும்

முதலில் காலக்கோடு. ஆர்எஸ்எல்3 கொடுத்தால் ஹெச்டி-1080-இல் 1 முதல் 3 மணி நேரத்தில் லிப்பிட் பெராக்சைடு ஏறும், அதற்குப் பின் சில மணி நேரத்தில் செல்கள் சாகும். எராஸ்டின் மெதுவாக வேலை செய்யும். குளுட்டதயோன் இருப்பு தீர வேண்டுமல்லவா, அதனால் பெராக்சைடு ஏற 6 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், இறப்பு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தெரியும். உங்கள் செல்லுக்கு இந்த எண்கள் மாறும். 2, 4, 8, 12, 24 மணி என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் மற்ற படிகளுக்கு நேரம் குறிப்பது எளிது.

இறப்பை அளக்க, சவ்வு உடைந்த செல்லுக்குள் மட்டும் நுழையும் சாயத்தை நம்பலாம்: ப்ரோபிடியம் அயோடைடு அல்லது சைட்டாக்ஸ் கிரீன். ஊடகத்தில் கசியும் எல்டிஹெச் நொதியையும் அளக்கலாம். எம்டிடி சோதனை இறப்பை அளப்பதில்லை, செல்லின் ஒடுக்கும் திறனை அளக்கிறது. குளுட்டதயோன் போன்ற ஒடுக்கும் பொருட்களையே மாற்றும் பரிசோதனையில் எம்டிடியை மட்டும் நம்புவது வில்லங்கம். தாவரச் சாறுகளைச் சோதிப்பவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். சாற்றிலுள்ள பாலிஃபீனால்களே செல் இல்லாமலும் எம்டிடியை நிறம் மாற்றிவிடும்.

பாஸ்பாடிடில்செரின் என்ற சவ்வுக் கொழுப்பைப் பிடிக்கும் அனெக்சின்-வி சாயமேற்றி, அனெக்சினும் ப்ரோபிடியமும் இரண்டும் ஏறிய செல்களை "பிந்தைய அப்போப்டோசிஸ்" என்று எழுதும் பழக்கம் ஒன்று இருக்கிறது. சவ்வு கிழிந்துவிட்டால் அனெக்சின் உள்ளே போய் உட்பக்கத்து பாஸ்பாடிடில்செரினையே பிடித்துக்கொள்ளும். ஃபெரோப்டோசிஸில் செத்த செல்லும் இதே மூலையில்தான் விழும். இந்த வரைபடத்தை வைத்து எந்த வகை என்று தீர்ப்பு எழுத முடியாது.

சாதாரண நுண்ணோக்கியிலும் கொஞ்சம் தெரியும். அப்போப்டோசிஸ் செல் சுருங்கிக் கொப்புளித்துச் சிறு துண்டுகளாகப் பிரியும். ஃபெரோப்டோசிஸ் செல் உருண்டு, ஒருபக்கம் தெளிவாக உப்பி, உடைந்துவிடும். நேரலைப் படம் எடுக்க வசதி இருந்தால் இறப்பு ஓரிடத்தில் தொடங்கிப் பக்கத்துச் செல்களுக்கு அலையாகப் பரவுவதையும் சில செல் வகைகளில் பார்க்கலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியா சிறுத்து, சவ்வு அடர்ந்து, உள்மடிப்புகள் குறைந்திருக்கும், உட்கரு பெரும்பாலும் இயல்பாக இருக்கும். படம் அழகாக வரும். ஆதாரமாக எடுத்துக்கொண்டால் துணைச் சாட்சி மட்டுமே.

படி 2: மீட்புச் சோதனை

பணமும் நேரமும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மருந்து கொடுத்த செல்களோடு வெவ்வேறு தடுப்பான்களைச் சேர்த்து, எது பிழைக்க வைக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

குழிகளை இப்படி அமையுங்கள். மருந்தில்லாத டிஎம்எஸ்ஓ குழி. மருந்து மட்டும். மருந்தோடு ஃபெரோஸ்டாட்டின்-1, 1 முதல் 2 மைக்ரோமோலார். மருந்தோடு லிப்ராக்ஸ்டாட்டின்-1, 0.5 முதல் 1 மைக்ரோமோலார், இதுவும் சவ்வில் காறலைத் தடுப்பது. மருந்தோடு டெஃபெராக்சமின், 100 மைக்ரோமோலார், இது இரும்பைப் பிடித்துவைப்பது. மருந்தோடு இசட்-வேட்-எஃப்எம்கே, 20 முதல் 50 மைக்ரோமோலார், இது காஸ்பேஸ்களைத் தடுப்பது. மருந்தோடு நெக்ரோஸ்டாட்டின்-1எஸ், 10 மைக்ரோமோலார், இது நெக்ரோப்டோசிஸுக்கு. பழைய நெக்ரோஸ்டாட்டின்-1 வேண்டாம், அதற்குப் பக்கவேலைகள் அதிகம். ஒவ்வொரு தடுப்பானும் மருந்தில்லாமல் தனியாக இருக்கும் குழிகளையும் வையுங்கள்.

இன்னொரு வரிசையையும் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஸ்டாரோஸ்போரின் கொடுத்து அப்போப்டோசிஸ் தூண்டிய செல்கள். அவற்றை இசட்-வேட் ஓரளவாவது காப்பாற்ற வேண்டும், ஃபெரோஸ்டாட்டின் காப்பாற்றக் கூடாது. இந்த வரிசை இல்லாவிட்டால், "இசட்-வேட் காப்பாற்றவில்லை" என்ற உங்கள் முடிவுக்கு இசட்-வேட் கெட்டுப்போயிருந்தது என்ற விளக்கமும் பொருந்திவிடும்.

ஃபெரோஸ்டாட்டின், லிப்ராக்ஸ்டாட்டின், டெஃபெராக்சமின் மூன்றும் காப்பாற்றி, இசட்-வேட்டும் நெக்ரோஸ்டாட்டினும் காப்பாற்றாவிட்டால் வழக்கு பெருமளவு முடிந்தது. இடையில் வரும் கலவையான முடிவுகள்தான் யோசிக்க வைக்கும். ஃபெரோஸ்டாட்டின் பாதியை மட்டும் காப்பாற்றினால், மருந்தின் அளவு கூடிப்போய் வேறு வகை இறப்பும் கலந்திருக்கலாம். மருந்தைக் குறைத்துத் திரும்பப் பாருங்கள். இரண்டு வகை இறப்பு ஒரே தட்டில் நடப்பதும் உண்டு.

டெஃபெராக்சமின் காப்பாற்றவில்லை, மற்ற இரண்டும் காப்பாற்றின என்றால் நேரத்தைச் சந்தேகியுங்கள். அந்த மூலக்கூறு சவ்வைத் தாண்டாது, செல் விழுங்கும் திரவத்தோடு மெதுவாகத்தான் உள்ளே போகும். ஆர்எஸ்எல்3 வேகமாகக் கொல்வது என்பதால், சில மணி நேரம் முன்பே டெஃபெராக்சமின் கொடுத்திருக்க வேண்டும். அல்லது சவ்வைத் தாண்டும் பைபிரிடில், சைக்ளோபிராக்ஸ் போன்றவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு நாளுக்கு மேல் இரும்பைப் பறித்து வைத்தால் டிஎன்ஏ உருவாக்கமே நின்றுபோகும், அந்தக் குழிகள் வேறு காரணத்தால் மெலியும். எதிர்த்திசையிலும் சோதிக்கலாம்: ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் சேர்த்து இரும்பைக் கூட்டினால் இறப்பு கூட வேண்டும்.

மருந்து பாதையின் எந்த இடத்தில் அடிக்கிறது என்று அறிய பீட்டா மெர்காப்டோஎத்தனாலைப் பயன்படுத்துங்கள். அது எராஸ்டின் வகை இறப்பைத் தடுக்கும், ஆர்எஸ்எல்3 வகையைத் தடுக்காது. உங்கள் புது மருந்து இதில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதிலேயே பாதி வழிமுறை தெரிந்துவிடும்.

என்-அசிட்டைல்சிஸ்டீன் காப்பாற்றியது என்று மட்டும் காட்டிவிட்டு ஃபெரோப்டோசிஸ் என்று எழுதாதீர்கள். அது சிஸ்டீனையும் கொடுக்கும், கண்டபடி வேறு பலவற்றோடும் வினைபுரியும். லிப்பாக்சிஜனேஸ் நொதியின் தடுப்பான்கள் காப்பாற்றினால் அந்த நொதிதான் காரணம் என்று பாய்வதும் ஆபத்து. அவற்றில் சில நொதியைத் தடுப்பதோடு தாமே ரேடிக்கல்களையும் பிடித்துவிடும் என்று பின்னர் தெரியவந்தது. நொதியின் பங்கைச் சொல்ல மரபணுவை நீக்கிப் பார்க்க வேண்டும்.

படி 3: லிப்பிட் பெராக்சைடை அளத்தல்

மீட்பு நடந்தது சரி, சவ்வு உண்மையிலேயே காறியதா? இதற்குப் பெரும்பாலான ஆய்வகங்களில் எட்டும் தூரத்தில் இருப்பது சி11-போடிபி 581/591 என்ற சாயம். சவ்வில் போய்ப் படியும். ஆக்ஸிகரணம் அடையாதபோது 590 நானோமீட்டர் அருகே சிவப்பாக ஒளிரும், ஆக்ஸிகரணம் அடைந்ததும் 510 அருகே பச்சைக்கு மாறும்.

ஆர்எஸ்எல்3 கொடுத்து, செல்கள் சாவதற்கு முன் உள்ள நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். படி 1-இல் வரைந்த காலக்கோடு இதற்குத்தான். செத்தபின் அளந்தால் பச்சை ஏறியிருப்பது இறப்பின் காரணமா, விளைவா என்று சொல்ல முடியாது. கடைசி 30 நிமிடத்தில் சாயத்தை 2 மைக்ரோமோலார் அளவில் சேர்த்து 37 டிகிரியில் இருட்டில் வையுங்கள். அதிகம் போட்டால் சாயமே ரேடிக்கல்களைத் தின்று செல்லைக் காப்பாற்றத் தொடங்கும். பின் மிதக்கும் செல்களையும் விடாமல் சேகரித்து, ஒட்டியிருப்பவற்றை டிரிப்சினால் பெயர்த்து, கழுவி, குளிர்ந்த பஃபரில் உடனே, செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்குக் கொண்டுபோங்கள். ஃபார்மலினில் நிலைநிறுத்தி நாளை பார்க்கலாம் என்ற யோசனை இங்கே செல்லாது.

488 லேசரில் பச்சையையும் சிவப்பையும் சேர்த்துப் பதிவு செய்து விகிதத்தைக் காட்டுங்கள். பச்சையை மட்டும் காட்டினால், ஒரு செல் அதிகச் சாயம் குடித்ததையும் அதிகம் காறியதையும் பிரிக்க முடியாது. செத்த செல்களை ஒதுக்க ப்ரோபிடியம் அயோடைடு போடாதீர்கள், அதன் சிவப்பும் சாயத்தின் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஊதா லேசர் இருந்தால் டாபி என்ற சாயம் போதும். நேர்மறைக் கட்டுப்பாட்டுக்குக் குமீன் ஹைட்ரோபெராக்சைடு கொடுத்த செல்கள். மருந்தோடு ஃபெரோஸ்டாட்டின் சேர்த்த செல்கள் கட்டாயம் வேண்டும். அதில் பச்சை இறங்காவிட்டால் நீங்கள் அளந்தது வேறு ஏதோ.

டிசிஎஃப்டிஏ சாயத்தால் "ஆர்ஓஎஸ் கூடியது" (எளிதில் வினைபுரியும் ஆக்ஸிஜன் பொருட்கள் கூடின) என்று காட்டுவது இதற்கு மாற்றாகாது. அது செல்லுக்குள் பொதுவான ஆக்ஸிகரணத்தைக் காட்டும், சவ்வைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கொழுப்பு காறும்போது விளையும் எம்டிஏ என்ற ஆல்டிஹைடை அளக்கும் தயோபார்பிட்யூரிக் அமிலச் சோதனை மலிவானது, 532 நானோமீட்டரில் நிறம் பார்த்தால் முடிந்தது. திசுக்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். சர்க்கரைகளும் வேறு ஆல்டிஹைடுகளும் இதே நிறத்தைத் தரும். திசுவை அரைக்கும்போதே புதிதாகக் காறல் நடக்கும் என்பதால் பஃபரில் பிஹெச்டி (BHT) என்ற ஆக்ஸிகரணத் தடுப்பியைச் சேர்க்க வேண்டும். காறலில் விளையும் இன்னொரு ஆல்டிஹைடான 4-ஹெச்என்இ-க்கு எதிரான எதிர்ப்பொருளால் திசு வெட்டில் சாயமேற்றினால் எந்தப் பகுதியில் என்றாவது தெரியும். வசதி உள்ளவர்கள் திரவ நிறப்பகுப்பும் நிறை நிறமாலையும் சேர்த்து ஆக்ஸிகரணமான பாஸ்பாடிடில்எத்தனோலமின்களை நேரடியாக எண்ணுவார்கள். இதைவிடத் திட்டவட்டமான அளவீடு தற்போது வேறில்லை.

படி 4: பாதையின் மற்ற இடங்கள்

குளுட்டதயோனை எல்மன் வினைப்பொருளால் 412 நானோமீட்டரில் அளக்கலாம். எராஸ்டினில் விழும், ஆர்எஸ்எல்3-இல் விழத் தேவையில்லை. இது தெரியாமல், ஆர்எஸ்எல்3 போன்ற மருந்தில் குளுட்டதயோன் குறையவில்லை என்று ஃபெரோப்டோசிஸையே நிராகரித்தவர்கள் உண்டு. ஃபெரஸ் இரும்புக்கு ஃபெரோஆரஞ்சு சாயம்.

வெஸ்டர்ன் பிளாட்டில் ஜிபிஎக்ஸ்4 ஏறக்குறைய 20 கிலோடால்டனில் வரும். எஸ்எல்சி7ஏ11 தொல்லை தரும் புரதம். கணக்குப்படி 55 கிலோடால்டன் என்றாலும் பட்டை 35 முதல் 40-இல் ஓடும். மாதிரியைக் கொதிக்க வைத்தால் சவ்வுப் புரதம் திரண்டு மேலேயே நின்றுவிடும். அந்த மரபணுவை நீக்கிய செல்லை அருகில் ஓட்டாமல் எந்த எதிர்ப்பொருளையும் நம்பாதீர்கள். பிடிஜிஎஸ்2, சிஹெச்ஏசி1 ஆகிய மரபணுக்களின் ஆர்என்ஏ ஏறுவதைக் காட்டலாம். இரண்டாவது எராஸ்டினால் வரும் அழுத்தத்தில் ஏறுவது, முதலாவதற்கு இறப்பில் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை, கூடவே ஏறுகிறது அவ்வளவுதான்.

படி 5: மரபணுவால் உறுதிசெய்தல்

ஜிபிஎக்ஸ்4-ஐ நீக்கிய செல்களை லிப்ராக்ஸ்டாட்டின் கலந்த ஊடகத்தில் உயிரோடு வளர்க்கலாம். மருந்தை எடுத்துவிட்டால் சாகும். மருந்துகளின் பக்கவேலைகளைப் பற்றிய சந்தேகம் எதுவும் இல்லாத, என் கண்ணில் மிக அழகான சோதனை இதுதான். அதேபோல் ஏசிஎஸ்எல்4 நீக்கிய செல் உங்கள் மருந்தைத் தாங்கினால், எஃப்எஸ்பி1 அதிகமாக்கிய செல்லும் தாங்கினால், வாதம் வலுவாகும். மார்கஸ் கான்ராட் குழு 2014-ல் வளர்ந்த எலிகளில் ஜிபிஎக்ஸ்4-ஐ அழித்தபோது அவை கடும் சிறுநீரகச் செயலிழப்பால் இறந்தன. லிப்ராக்ஸ்டாட்டின் அவற்றின் ஆயுளை நீட்டியது.

ஒரு மருந்து ஃபெரோப்டோசிஸைத் தூண்டும் என்று முன்பு எழுதப்பட்டிருந்தால், அதை உங்கள் செல்லில் மறுபடி சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கல்லீரல் புற்றுக்குக் கொடுக்கும் சொராஃபெனிப் எக்ஸ்சி அமைப்பை அடைக்கும் என்று நெடுநாள் நேர்மறைக் கட்டுப்பாடாகவே பயன்பட்டது. பல புற்றுச் செல் வகைகளில் அது ஃபெரோப்டோசிஸைத் தூண்டவில்லை என்று 2021-ல் காட்டினார்கள்.

எலியிலும் நோயாளியின் திசுவிலும்

தட்டில் செய்வதை அப்படியே விலங்கில் செய்ய முடியாது. ஃபெரோஸ்டாட்டின்-1-இன் எஸ்டர் பிணைப்பு உடலில் சீக்கிரம் அறுந்துவிடும், ஆகவே எலிக்கு லிப்ராக்ஸ்டாட்டின்-1 அல்லது யுஏஎம்சி-3203 கொடுங்கள். சிறுநீரகத்துக்கு ரத்தத்தை நிறுத்தித் திரும்ப விடும் மாதிரியில் இவை சேதத்தைக் குறைத்தால், காஸ்பேஸ் தடுப்பான் குழுவையும் சேர்த்து, 4-ஹெச்என்இ சாயத்தையும் பாருங்கள். தடுப்பான் சேதத்தைக் குறைத்ததோடு லிப்பிட் பெராக்சைடும் இறங்கியிருக்க வேண்டும்.

நோயாளியிடமிருந்து எடுத்த திசுவில் மீட்புச் சோதனைக்கு இடமே இல்லை, செல் ஏற்கெனவே செத்துவிட்டது. அங்கே 3எஃப்3 எதிர்ப்பொருளால் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி சவ்வில் குவிந்திருப்பதையும், 4-ஹெச்என்இ கூடியிருப்பதையும், ஏசிஎஸ்எல்4 ஏறியிருப்பதையும் காட்டலாம். மூன்றும் சேர்ந்து வந்தாலும், "லிப்பிட் பெராக்சைடேற்றமும் ஃபெரோப்டோசிஸோடு பொருந்தும் அடையாளங்களும் காணப்பட்டன" என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதிப்பாய்வாளர் கேட்பதற்கு முன்பே, அதே நோய்க்குரிய செல்லை வளர்த்து அதில் படி 2-ஐச் செய்து பக்கத்தில் வைத்துவிட்டால், அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் துணிச்சலாக மாற்றி எழுதலாம்.